குசினி அலமாரிக்கு எந்தப் பலகை?

தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து, தாமான் வீட்டிலோ அடுக்குமாடி வீட்டிலோ குடியேறும் நம் குடும்பங்கள், வீட்டுக்குள் பெரும் பணம் போட்டுச் செய்துகொள்ளும் முதல் காரியம் பெரும்பாலும் குசினிதான். நாற்காலி, மேசையைத் தவணையில் வாங்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றியும் விடலாம். குசினி அலமாரி அப்படியன்று. அது சுவரோடு சேர்த்து அறையப்படுவது. அதற்குப் போடும் பணமும் லேசில் வந்த பணம் அன்று. தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீடு, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தது, நகையை அடகு வைத்தது, பிள்ளைகள் பிறையில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக் கொடுத்தது என்று பல இடத்திலிருந்து சேர்ந்த பணம். அந்தப் பணம் மூன்று நான்கு வருடத்தில் ஊறி, உப்பி, உதிர்ந்து போவதைப் பல வீடுகளில் நாம் பார்க்கிறோம்.

காரணம் என்ன? தச்சரின் கைவேலை மோசம் என்று சிலர் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தவறு அதற்கும் முன்பே நடந்துவிடுகிறது. கடைக்குப் போனதும் நாம் முதலில் பார்ப்பது கதவின் நிறத்தை. வெள்ளையா, தேக்கு நிறமா, பளபளப்பா, மங்கலா என்று குடும்பமே கூடி நின்று பேசுகிறது. கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி எதனால் செய்தது என்று கேட்பவர் குறைவு. அந்தப் பெட்டியை இந்த உரையில் கூடு என்று சொல்வோம். அலமாரியின் ஆயுள் கூட்டில்தான் இருக்கிறது. ஆகவே, இந்தக் குசினியில் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது என்பதை முதலில் பார்ப்போம். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய லயத்துக் குசினியைச் சற்று நினைத்துப் பாருங்கள். வீட்டின் பின்புறம், தாழ்ந்த கூரை, விறகடுப்பு, சுவரெல்லாம் கரி. வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண் எரிச்சலும் இருமலுமே பெண்களுக்கு மிச்சம். ஆனாலும் அது காய்ந்த இடம். தண்ணீர்ப் பைப்பு வெளியே, பல வீட்டுக்குப் பொதுவாக இருந்தது. பாத்திரம் கழுவுவதும் வெளியேதான். சாப்பாடு வைக்கும் கம்பிவலை அலமாரியின் நான்கு கால்களையும் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்கள். வருடக்கணக்காகத் தண்ணீரில் நின்றாலும் அந்தக் கால் கறுத்துப் போகுமே தவிர, உப்பிப் பிளந்துவிடாது. அது முழுமரம்.

புது வீட்டில் தண்ணீர் குசினிக்குள்ளேயே வந்துவிட்டது. சிங்க், அதன் கீழே வளைந்து போகும் குழாய், பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம், சோற்றுப் பானையின் ஆவி, தரையைக் கழுவி விடும் நம் பழக்கம் எல்லாம் சேர்ந்து, காய்ந்த இடம் ஈர இடமாகிவிட்டது. அதே சமயம் மரமும் மாறிவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் அலமாரி முழுமரம் அன்று. மரத்தை அரைத்தும், சீவியும், பசை போட்டு ஒட்டியும் செய்த பலகை. ஈரம் கூடிய இடத்தில், ஈரம் தாங்காத பொருளை வைக்கிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பலகை எந்த மரத்தால் ஆனது என்று கேட்டால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கும். நமக்கு மிகவும் பழக்கமான மரம்தான் அது. நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் கத்தியும் வாளியுமாகப் போய்ப் பால் வெட்டிய அதே ரப்பர் மரம். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மரத்தின் கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்துக் கோலா கங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு சுமார் நூறு ஆண்டு காலம் அந்த மரத்தின் பாலுக்குத்தான் மதிப்பு. இருபத்தைந்து, முப்பது வயதானதும் பால் குறைந்துவிடும். மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் விறகாகப் போனது. லயத்து அடுப்பிலும், ரப்பர் சீட்டைப் புகை போடும் கூடத்திலும், செங்கல் சூளையிலும் அது எரிந்தது. மேசை, நாற்காலி செய்ய அதை யாரும் தொடவில்லை.

ஏன் தொடவில்லை? ரப்பர் மரத்தில் மாவுச் சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாட்களுக்குள் நீலம் பாய்ந்து பூசணம் பிடித்துவிடும். மாவைத் தின்னும் சிறு வண்டுகள் துளை போட்டுப் பொடியாகத் தள்ளும்; அதைத்தான் மரம் உளுத்துப் போயிற்று என்கிறோம். கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற இடங்களில் ஆராய்ந்து, இதற்கு வழி கண்டார்கள். மரத்தை வெட்டியவுடன் காலம் தாழ்த்தாமல் அறுத்து, இரும்புக் கொப்பரைக்குள் வைத்து, வெண்காரச் சத்துள்ள மருந்து நீரை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றி, பிறகு சூட்டறையில் உலர்த்தினால் பூசணமும் வண்டும் அண்டுவதில்லை. 1980களில் ரப்பர் மரத் தளவாடம் மலேசியாவின் பெரிய ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. ஜொகூரில் மூவார் நகரம் இந்தத் தொழிலுக்கே பெயர் பெற்றது. சீவி எஞ்சிய துண்டும் தூளும் வீணாகவில்லை. அவற்றை அரைத்துப் பசையிட்டு அழுத்திப் பலகையாக்கினார்கள். நாம் அடுப்பில் வைத்த விறகு, இப்படியாக அடுப்புக்குப் பக்கத்து அலமாரியாகத் திரும்பி வந்திருக்கிறது.

பத்து காவானுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த அந்த நிலத்தின் வழியாகப் பினாங்கின் இரண்டாவது பாலம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு அங்கே இக்கியா என்னும் பெரிய தளவாடக் கடையும் வந்தது. தோட்டமாக இருந்த இடத்தில் இன்று குசினி அலமாரி பெட்டி பெட்டியாக அடுக்கி விற்கப்படுகிறது.

வெண்கார மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தண்ணீரில் கரையக் கூடியது. காய்ந்த இடத்தில் இருக்கும்வரை மரத்துக்குள் நின்று காக்கும். அடிக்கடி நனைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். ஆகவே ரப்பர் மரத்தில் செய்த கதவும் சட்டமும் குசினியின் காய்ந்த பக்கத்துக்கு மிகவும் நல்லது. உறுதியானது, ஆணி பிடிக்கும், பார்க்கவும் அழகு. சிங்கின் அடிக்கும், குளியலறைக்கும், மழைச்சாரல் அடிக்கும் பின்கட்டுக்கும் அது ஆகாது.

இனிப் பலகைகளுக்கு வருவோம். கடைக்காரர் பல பெயர்களைச் சொல்லுவார். பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். முக்கியமாக மூன்று. முதலாவது, மரத் துணுக்குகளைப் பசையிட்டு அழுத்திய சிப்போர்டு. இதுதான் மிக மலிவு. பெட்டியில் அடைத்து விற்கும் அலமாரிகளின் கூடு பெரும்பாலும் இதுவே. காய்ந்த இடத்தில் பல வருடம் உழைக்கும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் இட்லி மாதிரி உப்பிவிடும். மறுபடி காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீல் கழன்று வந்தால் அதே துளையில் திருகாணி மறுபடி பிடிப்பதும் இல்லை. இரண்டாவது, மரத்தை நாராக அரைத்துச் செய்த எம்.டி.எஃப். பலகை. வழவழப்பானது, சாயம் அடிக்க ஏற்றது, கதவுக்கு நல்லது. தண்ணீர் பட்டால் இதுவும் ஊதும். மூன்றாவது, பிளைவூட் என்னும் ஒட்டுப்பலகை. மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஒன்றின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் இருக்கும்படி ஒட்டியது. மூன்றிலும் இதுவே ஈரத்தை ஓரளவு தாங்கும், விலையும் கூடும்.

ஒட்டுப்பலகையிலும் பசை வேறுபடும். யூரியாப் பசையில் ஒட்டியது சாதாரண ஈரத்தை மட்டும் தாங்கும். பினாலிக் பசையில் ஒட்டியது கொதிநீரையும் தாங்கும். பசை ஓடும் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். 'இது தண்ணீர் தாங்கும் பலகை' என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். உள்ளே பச்சை நிறமாக இருப்பதைக் காட்டி, 'பாருங்கள் அக்கா, இது தண்ணீருக்கென்றே செய்தது' என்பார்கள். பச்சை என்பது அடையாளத்துக்காகக் கலக்கும் சாயம். சாயம் தண்ணீரைத் தடுக்காது. சொல்லை விட்டுப் பொருளைச் சோதிப்பதே மேல். கூடு செய்யப் போகும் அதே பலகையில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதன் கனத்தை அளவுகோலால் அளந்து எழுதிக்கொண்டு, ஓர் இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒட்டுப்பலகையானால் வீட்டுக்கு வெளியே பழைய தகர டின்னில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க வையுங்கள். பசை மட்டமானால் ஏடுகள் ஓரத்தில் பிரியத் தொடங்கும். துண்டு கொடுக்க மறுக்கும் கடையிலிருந்து பேசாமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது. அளக்கும்போதே கனமும் தெரிந்துவிடும். 18 மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டு 15 கொடுப்பதும் உண்டு.

சரி, சிங்கின் அடியில் எதை வைப்பது? நம் மக்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை ஒன்று இருக்கிறது. செங்கல்லால் சிறு தடுப்புச் சுவர்கள் எழுப்பி, மேலே சிமெண்டுத் தட்டு ஊற்றி, உள்ளும் புறமும் ஓடு பதித்து, முன்னால் மட்டும் அலுமினியச் சட்டமிட்ட கதவு போடுவது. புது மோஸ்தர் வீட்டுக்காரர்கள் இதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். நம்முடைய சமையலுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது எங்கள் எண்ணம். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். கறையான் தின்னாது. அம்மியும் மாவரைக்கும் இயந்திரமும் மேலே உட்காரலாம். கதவு கெட்டால் கதவை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றே ஒன்று, இடத்தை மாற்ற முடியாது. ஆகவே குழாய் எங்கே, அடுப்பு எங்கே என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் தளத்தின் மேல் செங்கல் பாரம் ஏற்றுவதற்கு முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

முழுக்க அலுமினியத்தால் செய்த அலமாரியும் இப்போது மலேசியாவில் பரவலாகக் கிடைக்கிறது. ஊறாது, உளுக்காது. ஆனால் அதன் சட்டம் உள்ளே குழலாக இருப்பதால், முனைகளை மூடாவிட்டால் கரப்பான்பூச்சி குடியேறிவிடும். வெளுப்புத் திரவமும், அடைப்பு நீக்கும் காரமும் பட்டால் அலுமினியம் அரிக்கும்; புளித்தண்ணீரும் உப்பும் நெடுநேரம் தேங்கினாலும் புள்ளி விழும். பணம் போதவில்லை என்றால், சிங்க் இருக்கும் பகுதிக்கு மட்டும் சிமெண்டோ அலுமினியமோ வைத்து, மற்றப் பகுதிக்குப் பலகை வைக்கலாம். சுவரில் தொங்கும் மேல் அலமாரிக்குச் சாதாரணப் பலகையே போதும். மேலே விலை உயர்ந்த ஒட்டுப்பலகையும், சிங்கின் கீழே சிப்போர்டுமாகச் செய்த வீடுகளும் உண்டு. பணம் இரண்டு பக்கமும் வீண்.

மேற்பூச்சு என்பது பலகைக்குச் சட்டை போன்றது. மலிவான சட்டை, மெலமைன் ஏற்றிய காகிதம். அதைவிடக் கனமானது ஃபார்மிக்கா என்று நாம் அழைக்கும் தகடு. 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில் மின்சாரச் சாதனத் துறையில் வேலை செய்த ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகோனர் என்ற இருவர், மைக்கா என்னும் காக்காப்பொன்னுக்கு மாற்றாகக் கண்டுபிடித்தது அது. 'மைக்காவுக்குப் பதில்' என்று பொருள்படும்படி வைத்த பெயர்தான் ஃபார்மிக்கா. மின்கம்பிக்கு உறையாகப் பிறந்த பொருள், பின்னால் உலகமெங்கும் குசினிக்கு வந்துவிட்டது. காகித அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியது ஆகையால், கீறலையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். கதவுக்குப் பிளாஸ்டிக் தோல் போர்த்தியதும் உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் சூடு பட்டுப் பட்டு அந்தத் தோல் உரிந்துவிடும். தெளித்து அடிக்கும் சாயம் கண்ணுக்கு அழகு. அடிபட்டால் செதில் செதிலாகப் போகும்.

எந்தச் சட்டையானாலும் ஓரங்களைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன் ஓரத்துக்குப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அடி ஓரமும், பின் ஓரமும், குழாய் நுழையத் துளைத்த வட்டமும் பச்சைக் காயமாக விட்டிருக்கும். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். அங்கெல்லாம் பட்டையோ, சாயமோ, சிலிக்கோன் பசையோ இட்டு அடைக்கச் சொல்ல வேண்டும். தச்சருக்கு அரை மணி நேர வேலைதான்.

வெள்ளை நிறத்தை விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் மஞ்சள் அரைக்கிறவர்கள். வெள்ளைத் தகட்டில் மஞ்சள் பட்டால் தேய்த்தும் போகாது. சிராய்க்கும் தூள் போட்டுத் தேய்த்தால் பளபளப்புதான் போகும். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கக் கூடியது. அறுக்கும் பலகையானால் வெயிலில் வைத்துவிடலாம். சுவரோடு அறைந்த அலமாரியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுப்புப் பக்கமாவது சற்று அடர்ந்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

புதிய அலமாரியின் கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று வரும். கண்ணில் நீர் வரும். சிலர் அதைப் புதுப் பொருளின் வாசனை என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அது பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவி. புற்றுநோய் உண்டாக்கக் கூடிய பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டு அதை வகைப்படுத்தியது. அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. பலகையில் இந்த ஆவி எவ்வளவு குறைவு என்பதைக் குறிக்க ஈ ஒன்று, ஈ சைபர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். சைபர் என்றால் மிகக் குறைவு. கேட்டு வாங்கலாம். அலமாரியைப் பொருத்திய பின் சில வாரங்களுக்குச் சன்னலையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். வீட்டில் இளைப்பு நோய்க்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் இதில் அலட்சியம் கூடாது.

மேல்தட்டுக் கல்லுக்கு வருவோம். ஈப்போவில் வெட்டியெடுக்கும் பளிங்கு அழகானது. ஆனால் பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து மங்கிவிடும். நம் குசினிக்கு அது ஒத்து வராது. கருங்கல் புளியைத் தாங்கும்; எண்ணெய் உறிஞ்சாமல் இருக்க மேலே காப்புத் திரவம் பூச வேண்டும். குவார்ட்ஸ் என்று விற்பது, கல் தூளைப் பிசினில் குழைத்துச் செய்த கல். கறை பிடிக்காது, ஆனால் கொதிக்கும் வாணலியை நேரே இறக்கி வைத்தால் பிசின் கெட்டுவிடும். இந்தக் கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது பறக்கும் தூசு, நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைக் கொண்டுவரும். கல் அறுக்கும் இளைஞர்கள் பலருக்கு இந்நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து குவார்ட்ஸ் தட்டுக் கல்லைத் தடை செய்துவிட்டது. நம் பிள்ளைகளிலும் இத்தொழிலில் இருப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் வைத்துக் கல் அறுக்க விடாதீர்கள். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் போகும் மகனோ மருமகனோ இருந்தால், துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போதாது, அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு வேறு விதமான தொல்லை. அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டப்பட்டவை. மண்ணின் ஈரம் சுவர் வழியே ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறும். சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்லலாம். அந்தச் சுவரோடு அலமாரியை ஒட்டி அறைந்தால் பின்பலகை பூசணம் பூத்துவிடும். சிமெண்டு பூசி அடைத்தாலோ ஈரம் இன்னும் மேலே ஏறும். இரண்டு விரல் இடைவெளி விட்டு, தனிக்காலில் நிற்கும் அலமாரியாகச் செய்துகொள்வதே தகும். ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபு நகரமாக அறிவிக்கப்பட்டது. மரபு வட்டாரத்துக்குள் இருக்கும் வீட்டில் சுவரை உடைப்பதற்கும் கூரையை மாற்றுவதற்கும் முன்னால் மாநகர் மன்றத்தைக் கேட்க வேண்டும்.

கடலோரக் காற்றில் உப்பு உண்டு. இரண்டாம் வருடமே துருப்பிடித்துக் கீச்சிடும் கீல்களைத் தஞ்சோங் பக்கத்து வீடுகளில் நிறையப் பார்க்கலாம். சிங்கின் கீழேயாவது 304 என்று எண்ணிட்ட துருப்பிடிக்காத எஃகுக் கீலைக் கேளுங்கள். சிலர் காந்தத்தை வைத்துச் சோதிப்பார்கள். காந்தம் நன்றாக ஒட்டினால் அது 304 அன்று என்பது சரிதான். ஒட்டாவிட்டால் 304தான் என்று சொல்லிவிட முடியாது. எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கறையானுக்கு வழி, அலமாரியைத் தரையில் உட்கார வைக்காமல் நான்கு அங்குல உயரப் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்துவது. முன்னால் மறைக்கும் பட்டையைக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை விளக்கு அடித்துப் பார்த்துவிடலாம்.

கேஸ் தோம்பை அலமாரிக்குள் மறைத்து வைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். தோம்பு இருக்கும் அறைக்குத் தரை மட்டத்தில் காற்றுத் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த அறைக்குள் மின்சாரப் பிளக் இருக்கக் கூடாது. அடுப்பின் சுவாலைக்கு நேர் மேலே மர அலமாரி தொங்கவும் கூடாது.

உயரத்தையும் சொல்லிவிடுவோம். கடைகளில் வைத்திருக்கும் அளவு எல்லாருக்கும் பொருந்தாது. சமைக்கிறவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரைவரை அளந்து, அதில் நான்கைந்து அங்குலம் கழித்தால் அவருக்குத் தகுந்த மேடை உயரம் கிடைக்கும். முப்பது வருடம் குனிந்து பால் எடுத்த முதுகுக்கு இந்த அளவு பெரிய உதவி. வயதான அம்மா வீட்டில் இருந்தால், தினமும் எடுக்கும் சாமான் மேல் அலமாரியில் இருக்கக் கூடாது. அவர் நாற்காலி போட்டு ஏறுவார், நாம் வேண்டாம் என்றாலும் ஏறுவார்.

குளியலறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பலகையே வேண்டாம். அலுமினியமோ பி.வி.சி.யோ போதும், தரையைத் தொடாமல் சுவரில் தொங்கட்டும்.

கடைசியாகப் பணத்தைப் பற்றி. அலமாரிக்கு விலை அடிக் கணக்கில் சொல்வார்கள். பத்து அடிச் சுவருக்குக் கீழே பத்து, மேலே பத்து, ஆக இருபது அடி. மூலை திரும்பும் குசினியானால் மூலையை இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணுவார்கள். எட்டடி ஒரு பக்கம், ஆறடி ஒரு பக்கம் என்றால் பதினான்கு அடிக்குக் காசு கேட்பார்கள். அலமாரியின் ஆழம் இரண்டடி. ஆகவே உண்மையில் இருப்பது பன்னிரண்டு அடி. மூலையை எப்படி எண்ணுகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கல், சிங்க், கீல், இழுப்பறை, பழையதை உடைத்து அள்ளும் கூலி எல்லாம் அந்த விலைக்குள் அடக்கமா என்பதையும் கேளுங்கள். அடி விலையை மட்டும் பார்த்து மலிவு என்று போனவர்கள், மொத்தக் கணக்கு வரும்போது தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

சேமநிதிக் கணக்கு 2024 மே மாதம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, 55 வயதுக்குட்பட்டவர்கள் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். கட்டும் நூறு வெள்ளியில் பத்து வெள்ளிதான் அந்தக் கணக்குக்குப் போகிறது. அதை முழுவதும் அலமாரிக்குத் துடைத்து எடுத்துவிட்டால், மருந்துச் செலவு வரும்போது கை ஏந்த வேண்டிவரும். குசினியை ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த வருடம் சிங்க் பக்கம், அடுத்த வருடம் மேல் அலமாரி என்று செய்துகொண்டால் கடன் இல்லை.

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பலகையின் வகை, பசை, கனம், கீலின் எண், முடிக்கும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். வேலையைப் பாதியில் விட்டுப் போனாலும், சொன்ன பொருளை வைக்காவிட்டாலும், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட்டுவிட வேண்டும். பாரத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளில், தச்சர் வீட்டில் இருக்கும்போதே சிங்கை விளிம்புவரை தண்ணீரால் நிரப்புங்கள். பத்து நிமிடம் வைத்திருந்து, அடைப்பை எடுத்து ஒரே மூச்சில் விடுங்கள். கீழ்க் கதவைத் திறந்து, குழாயைச் சுற்றியும் பின்பலகையின் அடி ஓரத்திலும் காய்ந்த கையால் தடவிப் பாருங்கள். கை ஈரமானால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முதலில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.